நல்லதையே பேசு என்பதற்கு முன்

சாவைப் பற்றி ஒருவர் பேச்செடுத்தால் அதற்கு நம் ஊரில் பதில் தயாராக இருக்கிறது. "அபசகுனமாப் பேசாதே." "வாயைக் கழுவு." "ததாஸ்து தேவதை மேலே சுத்திக்கிட்டே இருக்கும், நல்லதையே பேசு." அதே ஆள் மறுபடியும் மறுபடியும் அதே பேச்சை எடுத்தால் பதில் மாறுகிறது. "அவன் எப்பவுமே இப்படித்தான் பொலம்புவான். குரைக்கிற நாய் கடிக்காது." பயத்தில் தொடங்கிய நாம் சலிப்பில் வந்து நிற்கிறோம். பேசியவர் தொடங்கிய இடத்திலேயே, முன்னைவிடத் தனியாக நிற்கிறார்.

இந்தப் பதில்கள் எவ்வளவு தூரம் சரி என்பதை மனநல ஆய்வாளர்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்பது தனிக் கதை. கூடப் படித்தவரோ, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரோ நடுராத்திரி வாட்ஸ்அப்பில் "போதும்டா எல்லாம்" என்று எழுதும்போது, மருத்துவம் படிக்காத நம்மால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த ஆய்வுகளில் விடை கிடைக்கிறது. விடை எளியதுதான். அதைச் செய்துகொண்டே இருக்கும் பொறுமைதான் அரிது.

முதலில் அந்த நாய்ப் பழமொழியை எடுத்துக்கொள்வோம். 1949-இல் லாஸ் ஏஞ்சலிஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் எட்வின் ஷ்னைட்மன் என்ற இளம் உளவியலாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தற்கொலை செய்துகொண்ட இரண்டு நோயாளிகளின் மனைவியருக்கு இரங்கல் கடிதம் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. விவரம் சேகரிக்க, மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைப் புரட்டினார். உள்ளே, இறந்தவர் விட்டுப்போன கடிதம். அடுத்தடுத்த கோப்புகளைப் பார்த்தால் எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பிற்பகலே தன் வாழ்நாள் வேலையைத் தீர்மானித்தது என்று ஷ்னைட்மன் பின்னாளில் சொல்லிவந்தார். 1958-இல் நார்மன் ஃபார்பரோ, ராபர்ட் லிட்மன் இருவரோடும் சேர்ந்து அதே நகரில் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார். இறந்தவரின் உறவினர், நண்பர், முதலாளி என்று ஒவ்வொருவராக விசாரித்து, கடைசி வாரங்களை மறுபடி கட்டியெழுப்பும் முறையும் அங்கேதான் உருவானது.

அப்படி விசாரித்தபோது திரும்பத் திரும்ப வெளிவந்த செய்தி, "சொன்னார், நாங்கள்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்பது. செயின்ட் லூயிஸ் நகரில் நடந்து 1959-இல் வெளியான இன்னொரு ஆய்வு 134 மரணங்களை எடுத்துக்கொண்டது. இறந்தவர்களில் மூன்றில் இருவர், ஏதோ ஒரு விதத்தில் யாரிடமோ தம் எண்ணத்தைச் சொல்லியிருந்தார்கள். பிந்தைய தொகுப்பாய்வுகள் இந்த அளவைப் பாதிக்குச் சற்றுக் கீழே இறக்கின. ஆனாலும் பழமொழியைக் கைவிட அதுவே போதும். சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்துகொள்வதில்லை என்பது உண்மை. செய்துகொண்டவர்களில் ஏராளமானோர் சொல்லியிருந்தார்கள் என்பதும் உண்மை. பழமொழி முதல் பாதியை மட்டும் பார்க்கிறது.

நேராகச் "செத்துடலாம்போல இருக்கு" என்பவர்கள் குறைவு. "நான் இல்லேன்னா நீங்கல்லாம் நிம்மதியா இருப்பீங்க", "இன்னும் எத்தனை நாளைக்கு", "என் வண்டியை நீயே வச்சுக்கோ" என்று சுற்றி வளைத்து வருவதுதான் அதிகம். சிரித்துக்கொண்டேகூடச் சொல்வார்கள்.

அதே நேரம், சாவைப் பேசுகிறவர் எல்லாரும் சாக நினைப்பவரல்லர். போன மாதம் அப்பாவைப் பறிகொடுத்தவர் பேசுவார். தன் வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பில் போனதைக் கேட்டபின், நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் ஈசிஜி எடுக்க ஓடுபவர் பேசுவார். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கு அது அன்றாடப் பேச்சு. அவரிடம் "ஒண்ணும் ஆகாது" என்று வாயடைத்தால், உயில், பிள்ளைகள் படிப்பு என்று அவர் பேச வேண்டிய காரியங்கள் தொண்டையிலேயே நின்றுவிடும். சிலருக்கு, தான் வேண்டாத எண்ணம் ஒன்று மண்டைக்குள் புகுந்து வெளியேற மறுக்கிறது. அதைக் கண்டு அவர்களே நடுங்குகிறார்கள். சாவுக்குப் பயப்படுகிறவரும் வாழ்க்கைக்குப் பயப்படுகிறவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லக்கூடும். வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுத்தான்.

இங்கே எல்லாருக்கும் வரும் தயக்கம்: கேட்டால், இல்லாத நினைப்பை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடாதா? நியாயமான தயக்கம், சோதிக்கக் கூடியதும்கூட. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை வைத்து மேடலின் கூல்டு குழுவினர் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்குக் கொடுத்த படிவத்தில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் இருந்தன. மறு பாதியினருக்கு இல்லை. படிவத்தை முடித்த உடனேயும் இரண்டு நாள் கழித்தும் மன அழுத்தத்தை அளந்தார்கள். கேட்கப்பட்டவர்களிடம் கூடுதல் வேதனையோ கூடுதலான தற்கொலை எண்ணமோ தெரியவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களையும், முன்பு முயன்றவர்களையும் தனியே பார்த்தபோதுதான் வியப்பு: கேள்வி கேட்கப்பட்டவர்கள், கேட்கப்படாதவர்களைவிடச் சற்று இலேசாகவே இருந்தார்கள். 2014-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதுபோன்ற 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கேட்பதால் எண்ணம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

கேட்பதிலும் விதம் உண்டு. "தப்பா ஏதும் நினைக்கலைல்ல?" என்று கேட்டால் பதிலையும் நாமே கொடுத்துவிடுகிறோம், "சேச்சே, இல்லடா" என்பதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்? "டேய், நெசமாத்தான் கேக்குறேன், உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சில நொடி மௌனத்தைத் தாங்குவது கேட்பதைவிடக் கடினம். ஆமாம் என்றால் அடுத்தது: எப்போதிலிருந்து? அடிக்கடி வருகிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? நாள் குறித்திருக்கிறாயா? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, இன்று ஆசிரியர்கள், காவலர்கள், தீயணைப்புத் துறையினர்வரை பல நாடுகளில் பயன்படுத்தும் வினாவரிசை ஏறத்தாழ இந்தப் படிகளில்தான் போகிறது. "தூங்கி எழுந்திருக்காமலே போயிட்டா நல்லது" என்பது முதல் படி. வழியும் நேரமும் தீர்மானித்திருப்பது மேல் படி. மேல் படியில் இருப்பவரை அன்று இரவு தனியே விடக்கூடாது. வீட்டாரிடம் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பார். பண்ணாதீர்கள். கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டுமே.

கேட்டாயிற்று; என்ன பதில் சொல்வது? "அதையே நினைக்காதே" என்ற அறிவுரைக்கு விஞ்ஞானத்தில் ஒரு புகழ்பெற்ற மறுப்பு உண்டு. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்கச் சொன்னார். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மணி அடித்தது. பிறகு "இனி நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. நினைக்காமல் இருக்கிறோமா என்று கண்காணிக்கவே மனம் அதை நினைத்தாக வேண்டியிருக்கிறது.

"உனக்கு நடந்த நல்லதையெல்லாம் நினைச்சுப் பாரு" என்பது இன்னொரு அறிவுரை. இதன் பலவீனம் நுட்பமானது. தற்கொலை முயற்சிக்குப் பின் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் இருவரும் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டித் தம் வாழ்வில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லக் கேட்டார்கள். 1986-இல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது இது: மகிழ்ச்சி தொடர்பான சொல்லைக் கொடுத்தாலும் அவர்களுக்கு ஒரு நாளும் ஓர் இடமும் சட்டென்று வருவதில்லை. "சின்ன வயசுல விளையாடுவோம்" என்பதுபோலப் பொத்தாம்பொதுவாக ஏதோ ஒன்றுதான் வருகிறது. பழைய நாள் ஒன்று தெளிவாகத் தெரியாதவருக்கு, "அப்போது இப்படிச் சமாளித்தேன்" என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. வில்லியம்ஸும் பிறரும் பின்னர் செய்த ஆய்வுகள் இந்த மங்கலையும் பிரச்சினை தீர்க்கும் திறன் குறைவதையும் இணைத்துக் காட்டின. ஆகவே நல்லதை நினைக்கச் சொல்வது, முடியாத காரியத்தைச் செய்யச் சொல்வது. நண்பரிடம் அந்த நாள் பத்திரமாக இருக்கிறதென்றால் அதை அவரே எடுத்துக் கொடுக்கலாம்: பஸ் எந்த வளைவில் நின்றது, யார் வாந்தி எடுத்தது, டீக்கடையில் எவ்வளவு பாக்கி வைத்தது என்று. இது ஆய்வு சொன்ன சிகிச்சையல்ல, என் ஊகம். ஆனால் தத்துவம் பேசுவதைவிட மேல் என்று நினைக்கிறேன்.

பார்வை இப்படிக் குறுகிப்போவதைத்தான் ஷ்னைட்மன் தம் கருத்தின் மையத்தில் வைத்தார். தாங்க முடியாத மனவலியில் இருப்பவர், கிணற்றின் அடியில் நின்று வானத்தைப் பார்ப்பவரைப்போல, ஒரு தட்டளவு மட்டுமே பார்க்கிறார். தெரியும் வழிகள் இரண்டாகிவிடுகின்றன: எல்லாம் சரியாக வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். தம்மிடம் வந்த ஒரு கல்லூரி மாணவியிடம் அவர் வாதாடவில்லை. ஒரு தாளை எடுத்து, அந்தப் பெண்ணின் சிக்கலுக்கு உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எழுதினார். பிடிக்காத வழி, அசட்டு வழி, சாவு, எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. "முடியாது, முடியாது" என்று எல்லாவற்றையும் தள்ளிய பெண்ணிடம், மோசமானவற்றிலேயே மோசம் குறைந்தது எது என்று வரிசைப்படுத்தச் சொன்னார். சாவு முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது. பிரச்சினை ஒன்றும் தீரவில்லை. வழிகள் இரண்டுக்கு மேல் ஆயின, அவ்வளவுதான்.

"நான் எல்லாருக்கும் பாரம்" என்பது அடிக்கடி காதில் விழும் இன்னொரு பேச்சு. தாமஸ் ஜாய்னர் 2005-இல் முன்வைத்த கோட்பாட்டில், தான் யாரோடும் ஒட்டவில்லை என்ற உணர்வும் தான் பிறருக்குச் சுமை என்ற உணர்வும் சேர்ந்துதான் சாகும் விருப்பத்தை உண்டாக்குகின்றன. கடன், வேலையின்மை, தேர்வுத் தோல்வி, நோய் எல்லாம் நம் வீடுகளில் குடும்பக் கணக்கில் எழுதப்படுபவை; ஆகவே இந்தச் சுமை நினைப்பு நமக்கு அந்நியமல்ல. "நீ பாரமே இல்லடா" என்று நூறு முறை சொல்வதைவிட, அவரிடம் ஏதாவது உதவி கேட்பது நல்லது. பொய்யாக வேண்டாம், தம்பியின் விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்வதுபோல உண்மையாகவே அவருக்குக் கைவந்த காரியமாக இருக்கட்டும்.

இவ்வளவு நேரமும் பேச்சைப் பற்றிச் சொன்னேன். ஆய்வுகளில் என்னை அதிகம் அசைத்தவை, பேச்சு என்றே சொல்ல முடியாத சின்னச் செய்கைகளைப் பற்றியவை. 1953-இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், சாக நினைப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று தொலைபேசி எண்ணை அறிவித்தார். கூட்டம் சேர்ந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாகச் சில தன்னார்வலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் அவர்களிடமே பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று எழுந்து போனார்கள். சில மாதங்களில் வரா பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி உருவானது. 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ஸ்நேகாவும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கிறது.

ஜெரோம் மோட்டோ என்ற சான்பிரான்சிஸ்கோ மனநல மருத்துவர் ஒருவர். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் லாரி ஓட்டியவர். அங்கே இருந்த காலத்தில், அதிகம் பழகியிராத ஒரு பெண் பதிலை எதிர்பார்க்காமல் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அது தனக்கு என்ன செய்தது என்பது அவருக்கு நினைவிருந்தது. 1969 முதல் 1974 வரை, மனச்சோர்வாலோ தற்கொலை முயற்சியாலோ மருத்துவமனையில் இருந்து வெளியேறி, மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்ட 843 பேரை எடுத்துக்கொண்டார். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கடிதம் அனுப்பினார். தட்டச்சில் இரண்டு மூன்று வரிகள்: நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள். மருந்து சாப்பிடு, வந்து பார் என்ற கட்டளை ஏதுமில்லை. கூடவே முகவரி எழுதிய உறை, தபால்தலை ஒட்டாமல். பதில் போட வேண்டுமே என்ற கட்டாயம்கூட வரக்கூடாது என்பதற்காக. முதலில் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐந்து ஆண்டில் 24 கடிதங்கள். ஐந்து ஆண்டு முழுவதும், கடிதம் வந்தவர்களிடையே தற்கொலை விகிதம் குறைவாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் வேறுபாடு மிகத் தெளிவு. கடிதம் நின்றபின் ஆண்டுகள் போகப்போக வேறுபாடு கரைந்து, இரு குழுவும் ஒன்றாகிவிட்டன.

இதையொட்டிப் பிற நாடுகளில் நடந்தவை எல்லாமே இதே பலனைத் தரவில்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் சோதனை ஒன்று நமக்கு நெருக்கமானது. பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளின் மூன்று நகரங்களோடு சென்னையிலும் கொழும்பிலும் நடந்தது. முயற்சிக்குப் பின் அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணிநேர விளக்கமும், 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். விசாரித்தவர்கள் மருத்துவ அனுபவமுள்ளவர்கள். ஆனால் அதிகம் நீளாத விசாரிப்புதான். 2008-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். நண்பர் ஒருவர் வாரம் ஒரு முறை "சாப்பிட்டியாடா" என்று செய்தி அனுப்புவது இதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதில் வராவிட்டாலும் நிறுத்தாமல் அனுப்புவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

ஆபத்தான பொருளுக்கும் ஆளுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாகத் தோன்றும் உச்சக்கட்ட வேகம் நீண்டநேரம் நிற்பதில்லை. சான்பிரான்சிஸ்கோவில் கடைசி நொடியில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்பார்த்த ரிச்சர்ட் சைடன், ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடிருந்ததையோ இயற்கையாக இறந்ததையோ 1978-இல் எழுதினார். தடுத்தால் வேறு வழி தேடிப் போய்விடுவார்கள் என்ற பேச்சு பெரும்பாலும் பொய். இலங்கையில் 1995-இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின் 2005-க்குள் அது பாதியானது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான இடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டை லட்சுமி விஜயகுமார் குழுவினர் சோதித்தார்கள். நண்பர் செய்யக்கூடியதும் இதன் சிறு வடிவம்தான்: ஆபத்தான பொருள் எதுவோ, அதைச் சில வாரங்களுக்கு இன்னொருவர் பொறுப்பில் வைக்க வீட்டாரோடு பேசி ஏற்பாடு செய்வது.

தினமும் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் நட்பா? அமாண்டா ரோஸ் 2002-இல் பள்ளி மாணவர்களிடம் கண்டது, ஒரே வேதனையை இருவரும் சேர்ந்து ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தால் நெருக்கம் கூடுகிறது. மனச்சோர்வும் கூடவே இருக்கிறது. கேட்பவர் உடைந்துபோனால் இருவருக்கும் பயனில்லை. "ராத்திரி பத்துக்கு மேல ரொம்ப முடியலேன்னா போன் பண்ணு, இல்லேன்னா காலைல நான் கூப்பிடுறேன்" என்று சொல்வதில் துரோகம் எதுவுமில்லை, சொன்னபடி காலையில் கூப்பிட்டால். இரண்டாவது ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. அமைதியான ஒரு மாலையில் இருவரும் உட்கார்ந்து, மோசமாகும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன, தானாக என்ன செய்து தணிக்க முடியும், எங்கே போனால் மனம் மாறும், யாரை அழைப்பது, எந்த மருத்துவர் என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வடிவமைத்த இந்தத் திட்டத்தை, அமெரிக்க அவசரப் பிரிவுகளில் தொடர் தொலைபேசி அழைப்புகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தை ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸாயிடும்" என்ற பயம் இன்னும் பலரை வீட்டுக்குள்ளேயே நிறுத்துகிறது. இந்தியாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. இலங்கை 1998-லேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இந்தியாவில் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும், தமிழிலும் அழைக்கலாம். ஸ்நேகாவின் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அழைப்பவர் சாக நினைப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. நண்பரிடம் நாளைக்கு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்பதற்கும் அழைக்கலாம்.